கோர்ட்டுக்குப் போன மூக்குத்தி

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் இருக்கிறது மேலநீலிதநல்லூர். கரிசல் காட்டு ஊர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருப்பதால், காலை நேரத்தில் அந்த வழியாகப் போகும் பஸ்களில் பெண் பிள்ளைகளின் கூட்டத்துக்குக் குறைவு இராது.

அந்த பஸ்ஸில் ஏறினால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். சந்தைக்குப் போகும் பாட்டியின் மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு ஒரு பக்கம் மட்டும். எதிரே புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் பேத்தி வயதுப் பெண்ணுக்கோ, கடுகு போல ஒரே ஒரு புள்ளி. அவளுடைய தோழிக்கு அதுவும் இல்லை!

"எதற்கு மூக்குத்தி?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும்.

"பொட்டப்பிள்ளைன்னா மூக்கு குத்தணும்லா? அது லெச்சணம்லா?" என்பாள் பாட்டி. "கல்யாணத்துக்கு முன்னால் குத்தினார்கள்" என்பாள் மகள். "அழகாக இருக்கிறது, போட்டுக்கொண்டேன்" என்பாள் மாணவி. மூன்று பதில்களும் சரிதான். ஆனால் இந்த மூன்றில் எது உண்மையான காரணம் என்று கேட்டு, ஒரு மூக்குத்தியைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? ஒரு நாட்டின் தலைமை நீதிபதி உட்கார்ந்து, மூக்குத்தி என்றால் என்ன அர்த்தம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்! அந்த வழக்கு நடந்தது கடல் கடந்த தேசத்தில். வழக்கைத் தொடுத்தது ஒரு தமிழ் வம்சாவளிக் குடும்பம்.

அந்தக் கதைக்கு வருமுன், மூக்குத்தி என்ற சொல்லையே கொஞ்சம் உரைத்துப் பார்க்கவேண்டும்.

மூக்கும் மானமும்

முகத்தில் எத்தனையோ உறுப்புகள் இருக்கின்றன. ஆனால் தமிழன் மானத்தைக் கொண்டுபோய் வைத்திருப்பது மூக்கில்! அழகான பெண்ணை "மூக்கும் முழியுமாக இருக்கிறாள்" என்கிறோம். அவமானப்பட்டவனை "மூக்கறுபட்டான்" என்கிறோம். வம்பில் தலையிடுகிறவன் "மூக்கை நுழைக்கிறான்". கோபக்காரனுக்குக் கோபம் வந்து நிற்கும் இடம் மூக்குக்கு மேலே. ராமாயணத்தில் சூர்ப்பனகைக்குக் கிடைத்த தண்டனையும் மூக்கில்தான் விழுந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் பொன்னை வைத்தால், அது வெறும் நகையாக மட்டும் இருக்க முடியுமா?

பெயரிலேயே வலி

மூக்குத்தி என்ற பெயரைப் பிரித்தால் மூக்கு, குத்தி என்று வரும். மூக்கைக் குத்தி அணிவது. கல்லின் பெயரும் இல்லை, பொன்னின் பெயரும் இல்லை. ஊசி ஏறிய அந்த ஒரு கணத்தின் பெயர்தான் நகைக்குப் பெயராகிவிட்டது! மலையாளத்திலும் இதே மூக்குத்திதான். கன்னடத்தில் மூகுதி. தெலுங்கில் முக்குபுடக என்பார்கள். புடக என்றால் சிறு குச்சி.

குச்சி என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. மூக்கு குத்திய புதிதில் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சியையோ வேப்பங்குச்சியையோ ஒடித்துச் செருகி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். பொன் வாங்க வழியில்லாத வீட்டில் அந்தக் குச்சியே மாதக்கணக்கில் மூக்குத்தியாக இருந்துவிடுவதும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழர் மூக்குமின்னி என்று ஒரு பெயர் வைத்தார்கள். அவர்கள் குத்தியதை மறந்துவிட்டு, மின்னியதை நினைவில் வைத்துக்கொண்டார்கள் போலும்!

இன்னொன்றைக் கவனித்தீர்களா? "காது குத்துகிறான்" என்றால் ஏமாற்றுகிறான் என்று பொருள். ஆனால் "மூக்கு குத்துகிறான்" என்று யாரும் சொல்வதில்லை. காரணம் என்னவாக இருக்கலாம்? காது குத்துவது கைக்குழந்தைக்கு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வாயில் வெல்லத்தைப் போட்டு, என்ன நடக்கிறது என்று தெரியுமுன் குத்திவிடுவார்கள். ஆகவே அது ஏமாற்று! மூக்கு குத்துவது பெரும்பாலும் விவரம் தெரிந்த வயதில். வலிக்கும் என்று தெரிந்தே பெண் முகத்தைக் காட்டுகிறாள். வேண்டாம் என்றால் ஓடிவிடுவாள், ஓடியவர்களும் உண்டு. காதுக்கும் மூக்குக்கும் உள்ள இந்த வித்தியாசம் சின்னதல்ல. பின்னால் வரும் வழக்கில் இது பெரிதாகப் பேசப்பட்டது.

வந்து சேர்ந்த சொற்கள்

மூக்குத்தி தமிழ்ச் சொல். ஆனால் மூக்கில் போடும் மற்ற நகைகளின் பெயர்களைப் பார்த்தால், பல திசைக் காற்று அடித்திருப்பது தெரியும்.

இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தண்டில் குத்தி, மேல் உதட்டின் மீது ஆடும்படி தொங்கவிடுவது புல்லாக்கு. இது உருது மொழி வழியாக வந்த சொல். அங்கே புலாக் என்பார்கள். பாட்டிமார் புல்லாக்குப் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்த சாமர்த்தியத்தைப் பற்றி வீட்டுக்கு வீடு கதை இருக்கும். இன்று புல்லாக்கைப் பார்க்கவேண்டுமானால் பரதநாட்டிய மேடைக்குத்தான் போகவேண்டும். அங்கும் துளையிடாமல் கவ்விக்கொள்ளும் புல்லாக்குதான் அதிகம்.

எட்டு வைரக் கற்கள் பதித்த மூக்குத்திக்குப் பேசரி என்று பெயர். தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் பெயர் இது. இசைக்குயில் எம். எஸ். சுப்புலட்சுமியின் படத்தை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் குங்குமம், மூக்கின் இரு பக்கமும் வைரம். 1966-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998-ம் ஆண்டு பாரத ரத்னா பட்டம் பெற்றார். எங்கே போனாலும் அந்த இரண்டு ஒளிப் புள்ளிகளும் கூடவே போயின.

நத்து என்ற வளைய நகையின் பெயர்தான் சங்கடமானது. இந்தியில் நத் என்றால் மூக்கு வளையம். நாத் என்று கொஞ்சம் நீட்டிச் சொன்னால், மாட்டின் மூக்கில் பூட்டும் கயிறு! நாம் மூக்கணாங்கயிறு என்கிறோமே, அதுதான். இரண்டும் ஒரே வேரில் இருந்து கிளைத்தவை என்கிறார்கள் மொழி அறிஞர்கள்.

அப்படியானால் பெண்ணின் மூக்கு நகை, அவளை இழுத்துக் கட்டும் கயிறா? அப்படிச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பல சாதிகளில் கணவன் இறந்தால் பூவோடும் பொட்டோடும் மூக்குத்தியையும் கழற்றவைத்தார்கள். முப்பது ஆண்டுகள் மூக்கிலேயே இருந்து உடம்போடு ஒட்டிப்போன நகையை, அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் இருந்து திருகி எடுத்த கொடுமையை என்னவென்பது? அழகுக்குப் போட்டதுதான் என்றால், அன்றைக்கு ஏன் கழற்றவேண்டும்? கழற்றமாட்டேன் என்று சொன்ன பெண்களும் உண்டு. அவர்கள் மூக்கில் அந்த நகைக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது.

மாதவிக்கு மூக்குத்தி இல்லை!

மூக்குத்தி ஆதிகாலம் தொட்டு இருந்துவரும் நகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை.

சிலப்பதிகாரத்தில் மாதவி தன்னை அலங்கரித்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. கால் விரலில் தொடங்கி, தொடை, இடை, தோள், கை, விரல், கழுத்து, காது, தலை என்று ஒவ்வொரு உறுப்புக்கும் நகை சொல்கிறார் இளங்கோவடிகள். மூக்குக்கு ஒன்றும் சொல்லவில்லை! அத்தனை நகை பூட்டியவருக்கு மூக்கு மட்டும் மறந்துபோயிருக்குமா? அந்தக் காலத்தில் அப்படி ஒரு நகை வழக்கத்தில் இல்லை என்பதே பொருத்தம்.

வரலாற்று அறிஞர் அல்தேக்கர் பழங்காலப் பெண்களின் நிலை பற்றி 1938-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். பழைய சிற்பங்களில் மூக்கு நகை காணப்படவில்லை, அது முஸ்லிம்களின் வருகையோடு இந்தியாவுக்கு வந்தது என்பது அவர் முடிவு. வேறு சிலர் காலத்தைச் சற்று முன்னே தள்ளுகிறார்கள். எப்படி இருந்தாலும், வளையலைப் போலவும் தோட்டைப் போலவும் மூக்குத்தி அவ்வளவு பழையது அல்ல.

மேற்கு ஆசியாவில் அது பழையதுதான். பைபிளில், ஆபிரகாமின் வேலைக்காரன் ரெபெக்காளைக் கிணற்றடியில் கண்டு, அரைச் சேக்கல் எடையுள்ள பொன் நகையைக் கொடுக்கிறான். அரைச் சேக்கல் என்றால் ஏறக்குறைய ஐந்தரை கிராம். எபிரேய மொழியில் அந்த நகைக்கு நெசெம் என்று பெயர். அந்தச் சொல் காது வளையத்தையும் குறிக்கும். மூக்கு வளையத்தையும் குறிக்கும். அதே அதிகாரத்தில் பின்னால், அதை அவள் மூக்கில் பூட்டினேன் என்றே வேலைக்காரன் சொல்கிறான். ஆனால் 1611-ம் ஆண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் காதணி என்று எழுதிவிட்டார்கள். தமிழில் நெடுங்காலமாகப் படிக்கப்படும் பைபிளிலும் காதணிதான். மூக்கில் இருந்த நகை, மொழி மாறியபோது காதுக்கு இடம் மாறிவிட்டது!

பின்னால் வந்த நகை என்பதால் மூக்குத்தியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. கோவில் வரைக்கும் போய்விட்டது. இன்று மூக்குத்தி இல்லாத அம்மன் அலங்காரத்தைக் கற்பனை செய்ய முடியுமா? கன்னியாகுமரி பகவதி அம்மனின் மூக்குத்தி கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதன் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணி வந்த கப்பல்கள் பாறையில் மோதினவாம். அதனால் கிழக்கு வாசல் அடைக்கப்பட்டதாம். அந்த வாசல் ஆண்டில் சில விசேஷ நாட்களில் மட்டுமே திறக்கப்படுகிறது. அந்தக் கல் வைரம் என்பார் சிலர். மாணிக்கம் என்பார் சிலர். நாகரத்தினம் என்று சத்தியம் செய்வார் சிலர். கல் ஒன்றுதான்!

அவளுக்கென்று ஒரு சொத்து

கர்நாடக இசையின் தந்தை என்று போற்றப்படுபவர் புரந்தரதாசர். 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவர் வாழ்க்கையே மூக்குத்தியால் திசை திரும்பியது என்று கதை சொல்வார்கள்.

அவர் முதலில் பெரிய வட்டிக்கடைக்காரர், மகா கஞ்சர். ஒரு ஏழை அந்தணர் வந்து மகனின் பூணூல் கல்யாணத்துக்கு உதவி கேட்டார். நாள் கணக்கில் அலைந்தும் காசு பெயரவில்லை. அவர் நேரே அந்தச் செல்வரின் வீட்டுக்குப் போய், மனைவி சரஸ்வதி பாயிடம் கேட்டார். அவளிடம் பணம் ஏது? மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தணர் அதை எடுத்துக்கொண்டு போனது வேறு எங்கும் அல்ல. அதே கணவனின் கடைக்கு!

கணவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பெட்டியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். "மூக்குத்தி எங்கே?" என்றார். அவள் நடுங்கினாள். விஷம் குடித்துச் சாகலாம் என்று கிண்ணத்தை எடுத்தாள். கிண்ணத்துக்குள் மூக்குத்தி கிடந்தது! கடைப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அங்கே இல்லை. செல்வத்தை எல்லாம் துறந்துவிட்டு, தம்பூராவை எடுத்துக்கொண்டார் கணவர்.

இந்தக் கதையில் எல்லோரும் அதிசயத்தைத்தான் பேசுவார்கள். பேசவேண்டியது அதற்கு முந்திய இடம். ஊரையே விலைக்கு வாங்கக்கூடிய வீட்டில், யாரையும் கேட்காமல் தானம் செய்ய அந்தப் பெண்ணிடம் இருந்தது மூக்கில் ஒட்டியிருந்த ஒரு துளிப் பொன் மட்டும்தான். அதைக் கொடுத்ததற்கும் உயிரை விடத் துணியவேண்டியிருந்தது. நம் வீடுகளிலும் அடகுக் கடைக்கு வளையல் போகும், சங்கிலி போகும். மூக்குத்தி கடைசியாகத்தான் போகும்.

டர்பனில் நடந்தது

இனி அந்த வழக்கு.

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையில் இருந்து புறப்பட்ட 'துரூரோ' என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதில் போனவர்கள் 342 பேர். அதற்குப் பிறகும் கப்பல் கப்பலாகப் போனார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அவர்களுடைய சந்ததியாரில் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது.

டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 2002-ம் ஆண்டு ஒரு தமிழ் வம்சாவளி மாணவி சேர்ந்தாள். 2004-ம் ஆண்டு செப்டம்பர் விடுமுறையில் அவளுக்கு மூக்கு குத்தினார்கள். சின்னஞ்சிறு பொன் மூக்குத்தி. அக்டோபரில் பள்ளி திறந்தபோது அதோடு போனாள்.

"கழற்று" என்றது பள்ளி.

பள்ளியின் விதிப்படி காதில் ஒரு சிறு தோடு போடலாம். ஒவ்வொரு காதிலும் ஒன்று. வேறு எங்கும் குத்திக்கொள்ளக் கூடாது. காதில் பொன் இருந்தால் ஒழுங்கு; அரை சாண் தள்ளி மூக்கில் இருந்தால் ஒழுங்கீனம்!

துளை ஆறும்வரை அவகாசம் கொடுத்தார்கள். ஆறிய பிறகும் மாணவி கழற்றவில்லை. தாய் விளக்கம் எழுதினார். பெண் பெரியவளானதும் மூக்குத்தி அணிவிப்பது தங்கள் குடும்ப வழக்கம். பதினாறு வயது நிறைந்ததும் பாட்டி அந்தப் பொன் மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி பூட்டி ஆசீர்வதிப்பாள். முன்பு அதற்குக் கல்யாண வயது வந்துவிட்டது என்று அர்த்தம், இப்போது பொறுப்புள்ள பெண்ணாகிவிட்டாள் என்று அர்த்தம். இது நாகரிகத்துக்காகப் போட்டுக்கொண்டது அல்ல என்றார்.

பள்ளி ஏற்கவில்லை. வழக்கு சமத்துவக் கோர்ட்டுக்குப் போனது. 2005-ம் ஆண்டு தாய் தோற்றார். மேல் கோர்ட்டுக்குப் போனார். 2006-ம் ஆண்டு வென்றார். பள்ளியும் மாகாணக் கல்வி அதிகாரமும் விடவில்லை. அந்த நாட்டின் உச்சிக் கோர்ட்டான அரசியல் சட்டக் கோர்ட்டுக்குப் போனார்கள். கடுகளவு பொன்னுக்கு மூன்று கோர்ட்டு!

கேள்வி என்ன? மூக்குத்தி மதமா, பண்பாடா, வெறும் அழகா? இந்து மதத்தில் மூக்குத்தி கட்டாயம் அல்ல. மற்ற இந்து மாணவிகள் பலர் போடாமலே படித்தார்கள். கட்டாயம் இல்லாததை ஏன் காப்பாற்றவேண்டும் என்பது பள்ளித் தரப்பின் வாதம். இதை விட்டால் நாளைக்குச் சடை முடி, பச்சை குத்தல் என்று எல்லாம் வந்துவிடும் என்ற அச்சமும் பேசப்பட்டது.

தீர்ப்பு

2007-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பயஸ் லங்கா. கறுப்பினத்தவர், நிறவெறி ஆட்சியின் கொடுமையை நேரில் அறிந்தவர்.

மூக்குத்தியை மதம் என்றும் பண்பாடு என்றும் கத்தியால் வெட்டிப் பிரிக்கவேண்டியதில்லை, இந்தப் பெண்ணுக்கு அது இரண்டும் கலந்தது என்றார் அவர். கட்டாயம் இல்லையே என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் முக்கியமானது. கட்டாயத்துக்காகச் செய்வதற்குப் பாதுகாப்பு உண்டு என்றால், மனம் விரும்பிச் செய்வதற்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஒருவர் தாமாகத் தேர்ந்துகொண்டது என்பதால் அதன் மதிப்புக் குறையாது. காது குத்தும் குழந்தைக்கும் மூக்கு குத்தும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நாளைக்கு வேறு என்னென்ன வருமோ என்ற பயத்தையும் அவர் ஒப்பவில்லை. பலவகை மக்கள் பலவகையாக வந்தால் பள்ளிக்கு அது செழிப்பே தவிரக் கேடு அல்ல என்பது அவர் கருத்து. மாணவியரையும் பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்துகொண்டு விதியைத் திருத்தும்படி பள்ளிக்கு உத்தரவானது. நீதிபதிகளில் ஒருவரான கேட் ஓரீகன் என்ற பெண்மணி சில விஷயங்களில் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். தாய் சொன்னதை வைத்துப் பார்த்தால் இது மதம் அல்ல, பண்பாடுதான் என்பது அவர் எண்ணம். பாரபட்சம் நடந்தது என்பதை அவரும் மறுக்கவில்லை.

உலகின் பல நாடுகளில் சட்டம் படிப்பவர்கள் இன்றும் இந்த 'பிள்ளை வழக்கை'ப் படிக்கிறார்கள்.

தேர்வு வாசலில்

தென் ஆப்பிரிக்கா வரை போவானேன்? நம் ஊரிலேயே பெண்கள் மூக்குத்தியைக் கழற்றும் நாள் ஒன்று வந்துவிட்டது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு 2017-ம் ஆண்டு கொடுத்த அறிவிப்பில், தோடு, மூக்குத்தி, மோதிரம், சங்கிலி எல்லாம் தடை. காப்பி அடிப்பதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். கடுகளவு கல்லுக்குள் எந்தக் கருவியை ஒளிக்க முடியுமோ, அது அவர்களுக்கே வெளிச்சம்!

பழகாத கைக்குத் திருகாணி எளிதில் கழலாது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகத் திருகவேண்டும். மணி அடிக்கப்போகிறது என்ற பதைப்பில் திருகினால் தும்மல்தான் வரும். வெளியூர்ப் பெண்களுக்கு உறவுக்காரர் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள்: முதல் நாள் இரவே கழற்றி, தாயின் முந்தானையில் முடிந்துவிடு.

குத்தி ஒரு மாதம்கூட ஆகாத மூக்காக இருந்தால் என்ன செய்வது? தேர்வு முடிவதற்குள் துளை தூரத் தொடங்கிவிடுமே? அதற்கும் பாட்டியிடம் வழி இருக்கிறது. துடைப்பத்தில் இருந்து ஓர் ஈர்க்கை ஒடி, அளவாக நறுக்கு, செருகு. தடை செய்த பொருட்களின் பட்டியலில் ஈர்க்குச்சி இல்லை!